இரண்டு மில்லியா, மூன்று மில்லியா

ஜூன் 4

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். மூன்று தடவை ஃபோன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கடிதம் என்றால் தபால்காரர் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார், நீ வாங்கித்தான் ஆக வேண்டும். நான் நலம். நீயும் அத்தையும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். உன் அண்ணன் செய்த வண்டியின் மேல்கூடு அப்படியே இருக்கிறது. அன்றைக்கு அடிச்சட்டம்தான் முறிந்ததே தவிர, ப்ளைவுட்டில் கீறல்கூட இல்லை. சட்டத்தைக் கழற்றி, அதன் முறிந்த தண்டைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டுவிட்டு, கூட்டை மட்டும் ஷெட்டில் செங்கல் அடுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற பெட்டி, முன்னால் உருண்டு பின்னால் சரிந்து நீர்த்துளி மாதிரி இருக்கும், ஊர் சுற்றப் போகிறவர்கள் இரண்டு பேர் உள்ளே படுத்துக்கொள்ளலாம் என்று விளக்குவேன். "யாரும்மா இதுக்குள்ள போய்ப் படுப்பா?" என்று சிரிக்கிறார்கள்.

நான்தான் படுக்கிறேன். பதினோரு மாதமாக. வீட்டுக்குள் தூக்கம் வருவதில்லை, அதற்குள் போய்ப் படுத்தால் வருகிறது. காரணம் எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுகை வருவதில்லை, பயமும் இல்லை, பசிகூடக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. தூக்கம் ஒன்றுதான் தானாக வருகிறது, அதுவும் அங்கே மட்டும்.

இப்போது வீட்டுக்காரர் வீட்டையும் ஷெட்டையும் விற்றுவிட்டார். ஜூலை முப்பத்தொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். வேறு வீடு பார்த்துவிட்டேன், முன்னால் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. ஆனால் நம் சந்துக்குள் லாரி வராது என்று உனக்கே தெரியும். சக்கரம் இருந்தால் கூட்டைத் தள்ளிக்கொண்டே வெளியே போய்விடலாம். இல்லாவிட்டால் ரம்பம் போட்டு நாலு துண்டாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

அதனால் புதுச் சட்டம் வேண்டும். என்ன குழாய் வாங்குவது, என்ன அளவு, என்ன தடிமன், எத்தனை மீட்டர் என்று எழுது. வெல்டிங்குக்கு இங்கேயே ஆள் பார்த்துக்கொள்கிறேன். உன்னை வரச் சொல்லவில்லை.

அண்ணி


ஜூன் 10

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா நலம். யார் எழுதியது என்று கேட்டார், மின்சார ஆபீஸிலிருந்து என்று சொல்லிவிட்டேன்.

அதை அறுத்துவிடுங்கள். குழாயைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் இப்போது வெல்டர் இல்லை. பாய்லர் பட்டறையில் ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் மற்றவர்களுக்கு வெல்டிங் ராடு எண்ணிக் கொடுக்கிறேன், சாயங்காலம் மிச்சத்தை எண்ணி வாங்கி அடுப்புப் பெட்டியில் வைக்கிறேன், ஈரம் பிடிக்காமல் இருக்க. ராடைப் பற்ற வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. வேலையில் குறை ஒன்றும் இல்லை. கை சுடுவதில்லை, கண் எரிவதில்லை.

வேறு என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

வேறு என்ன உதவி வேண்டுமானாலும் கேள் என்கிறாய். வேறு எதுவும் எனக்கு வேண்டாமே. கடலை மிட்டாய் வாங்கப் போனவனிடம் கடையில் மற்றதெல்லாம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் நானே இரும்புக் கடைக்குப் போனேன். லேப் கோட்டைக் கழற்ற மறந்துவிட்டேன். கடைக்காரர் என்னை யாரோ இன்ஸ்பெக்டர் என்று நினைத்து நாற்காலி போட்டார். குழாய்களை முனை தெரிகிற மாதிரி அடுக்கி, முனைகளுக்குச் சிவப்பும் நீலமும் பூசி வைத்திருக்கிறார். கட்டில், நாற்காலிக்குப் போடுகிற மெல்லிசு ஒன்று. துத்தநாகம் பூசிய பளபளப்பு ஒன்று, துருவே பிடிக்காதாம். கறுப்பாக எண்ணெய் பூசியது ஒன்று. பளபளப்பு எனக்குப் பிடித்தது. பக்கத்தில் நின்றால் முகம் தெரிகிறது.

"ரெண்டு மில்லி போதும்மா. மூணு எதுக்கு? பாலமா கட்டப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நீ எழுதாவிட்டால் சனிக்கிழமை போய் அவர் சொன்னதையே வாங்கிவிடுவேன். அவருக்கு முப்பது வருஷ அனுபவமாம்.

அண்ணி


ஜூன் 18

அண்ணி,

வாங்காதீர்கள். இதை இன்றைக்கே விரைவுத் தபாலில் போடுகிறேன், சனிக்கிழமைக்கு முன் வந்துவிடும்.

அந்த முப்பது வருஷ அனுபவத்தைக் கட்டிலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டில் ரோட்டில் ஓடாது. கட்டிலுக்குக் குழியில் விழுந்து எழுந்திருக்கிற வேலையும் கிடையாது. நின்ற இடத்தில் நூறு கிலோவைத் தாங்குகிற குழாய், ஓடும்போது ஒவ்வொரு குழியிலும் இரண்டு மூன்று மடங்கு வாங்கும். அதுவும் ஒரு தடவை இல்லை, ஆயிரம் தடவை. இரும்பு முதல் அடியில் முறியாது அண்ணி. பொறுத்துப் பொறுத்துத்தான் முறியும்.

பளபளப்பு வேண்டவே வேண்டாம். அதன் மேல் வெல்டிங் வைத்தால் பூச்சு வெள்ளைப் புகையாக எரியும், செய்கிறவனுக்கு அன்றைக்கே குளிர் காய்ச்சல் வரும். பற்றும் சரியாகப் பிடிக்காது. முகம் பார்க்கக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கறுப்புக் குழாய்தான். சட்டத்துக்கு ஐம்பதுக்கு ஐம்பது சதுரம், தடிமன் மூன்று மில்லி. நீளவாக்கில் இரண்டு, குறுக்கே நான்கு. கூடு ஏழரை அடிக்கு நாலடி, வெட்டு சேதாரம் சேர்த்துப் பத்து மீட்டர் போதும், பன்னிரண்டாக வாங்குங்கள். காருக்கும் வண்டிக்கும் நடுவில் நீளுகிற முன்தண்டு மட்டும் வேறு. அதற்கு எழுபத்தைந்துக்கு ஐம்பது, நாலு மில்லி. உயரம் எழுபத்தைந்து வருகிற மாதிரி நிமிர்த்தி வைக்க வேண்டும், படுக்கப் போடக் கூடாது. ஒரே துண்டாக, சட்டத்துக்கு அடியில் மூன்றாவது குறுக்குச் சட்டம் வரைக்கும் போக வேண்டும். ஒட்டுப் போட்டு நீட்டுகிறேன் என்று எவனாவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வெல்டரிடம் இதைச் சொல்லுங்கள்: தண்டின் மேலும் கீழும் குறுக்கே வெல்டிங் வைக்கக் கூடாது. பக்கவாட்டில், நீளவாக்கில் மட்டும். குறுக்கே வைத்தால் அந்தக் கோட்டை ஒட்டி இரும்பு பலம் குறைந்து போகும். சுற்றிச் சுற்றி வைத்தால் கெட்டி என்று ஆசையாக வைப்பார்கள், விடாதீர்கள்.

கடைக்காரர் வாயை நம்ப வேண்டாம். வெளி அளவில் இரண்டும் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு மீட்டர் வெட்டித் தராசில் போடச் சொல்லுங்கள். மூன்று கிலோ வந்தால் அது இரண்டு மில்லி. நாலே காலுக்கு மேல் வந்தால்தான் மூன்று மில்லி. இரும்பு எடையில் பொய் சொல்லாது.

இவ்வளவு எழுதுவேன் என்று நினைக்கவில்லை. இதோடு விடுங்கள்.

தம்பி


ஜூன் 26

தம்பிக்கு,

எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். இன்னும் வாங்கவில்லை. வாங்குவதற்கு முன் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதும்போது கையெழுத்து மாறும் என்று நினைத்தேன். லேபில் புன்சன் அடுப்பு எத்தனை, குடுவை எத்தனை என்று எழுதுகிற அதே கையெழுத்துதான் வருகிறது.

போன வருஷம் குழாய் வாங்கி வந்தது நான். உன் அண்ணனுக்கு ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்று லிஸ்டை என்னிடம் கொடுத்தார். அதில் மூன்று மில்லி என்றுதான் எழுதியிருந்தது. கடையில் மூன்று இல்லை. "ஒரு வாரம் ஆகும்மா. இது அதே சைஸு, ரெண்டு மில்லி, எடை கம்மி" என்றார்கள். நீ வெல்டிங் வைக்க அந்த வாரம்தான் லீவு போட்டு வந்திருந்தாய். உன் அண்ணன் புதுச் சைக்கிள் வாங்கப் போகிற பிள்ளை மாதிரி வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு மில்லிதானே என்று நினைத்தேன். பத்தில் ஒரு மில்லி தப்பாக எழுதினால் பிள்ளைகளிடம் நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறவள் நான்.

இதில் கேவலம் என்ன தெரியுமா? பையில் லேபில் நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து அவர் முன்னாலேயே வெளிப்பக்கம் அளந்து காட்டினேன். "ஐம்பது இருக்கா?" என்று கேட்டார். "ஐம்பது புள்ளி பூஜ்யம்" என்றேன். "என் பொண்டாட்டி கைன்னா கைதான்" என்று உன்னிடம் பெருமை பேசினார். தடிமனைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் எனக்குத் தெரியவில்லை.

போலீஸ்காரர் "மேட்டில் ஏறும்போது விபத்து" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். பதினோரு மாதமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ வெல்டிங்கை விட்டதற்கு நான்தான் காரணம். உன் கையில் ஒன்றும் இல்லை. குழாய் விஷயத்தைச் சொல்லத்தான் முதல் கடிதமே எழுத உட்கார்ந்தேன், குழாய் அளவு கேட்டுவிட்டு முடித்துக்கொண்டேன். இனி நீ எனக்கு எழுத வேண்டும் என்பது இல்லை.

அண்ணி


ஜூலை 2

அண்ணி,

கடிதத்தை ஸ்டோரில் வைத்துப் படித்தேன். யாரோ ராடு கேட்டு வந்தார்கள், தப்பு சைஸை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

அது இரண்டு மில்லி என்று எனக்குத் தெரியும்.

முதல் மூட்டில் ராடு வைத்ததுமே தெரிந்தது. மூன்று மில்லிக்கு வைக்கிற கரண்ட்டில் வைத்தேன், குழாய் ஓட்டையாகிவிட்டது. என்ன குழாய் என்று நெருப்பே சொல்லிவிடும். அண்ணன் அந்த நேரம் உங்களோடு ப்ளைவுட்டுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கரண்ட்டைக் குறைத்து, ஓட்டையை அடைத்து, கிரைண்டர் போட்டு வழவழவென்று ஆக்கிவிட்டேன். யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் அவ்வளவு வழவழப்பு.

மனசு கேட்கவில்லை. குழாய் மெல்லிசு, வெல்டிங்கையாவது கெட்டியாக வைப்போம் என்று முன்தண்டைச் சுற்றி நாலு பக்கமும் வைத்தேன். குறுக்கே. போன கடிதத்தில் வைக்கக் கூடாது என்று உங்களுக்கு எழுதினேனே, அதையேதான் வைத்தேன். தெரியாதவன் வைத்தால் ஆசை. தெரிந்தவன் வைத்தால் அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

காரை ஓட்டினதும் நான். அந்த மேட்டில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். அண்ணன் சக்கரம் நேராக ஓடுகிறதா என்று பார்க்கப் பின்னால் நடந்து வந்தார். "மெதுவா, மெதுவா" என்று அவர் சொன்னது கேட்டது. கார் திடீரென்று லேசாகிவிட்டது அண்ணி. அதைத்தான் மறக்க முடியவில்லை. சத்தத்தைக்கூட மறந்துவிட்டேன். தண்டு விட்டாலும் வண்டியைப் பிடித்துக்கொள்ளப் போடுகிற சங்கிலியும் முறிந்த துண்டில்தான் மாட்டியிருந்தது, அது என்னோடு வந்துவிட்டது. வண்டி அவரைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

மூன்று மில்லி இல்லை என்று அன்றைக்கே நான் சொல்லியிருந்தால், அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் ஆகியிருக்கும். ஆகவே உங்கள் பேரில் எழுதிக்கொண்டதை அடித்துவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். முறிந்த தண்டு ஷெட்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அதை யாரும் பார்க்கவில்லை, எனக்கும் பார்க்கத் தெம்பில்லை. இப்போது எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் வெல்டிங் கோட்டின் ஓரத்தில் முறிந்திருக்கிறதா, தள்ளி முறிந்திருக்கிறதா? பார்த்து எழுதுங்கள். எனக்காகக் கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டாம்.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

இந்த வாரம் செய்முறைத் தேர்வு. காலையிலிருந்து முப்பது ஸ்டாண்டு, முப்பது ஊசல் குண்டு கட்டி வைக்க வேண்டியிருந்தது. இன்னும் பார்க்கவில்லை.

பொய். தேர்வு உண்மைதான், ஆனால் அதனால் இல்லை. தண்டு சாக்கு மூட்டையாகக் கட்டி மூலையில் கிடக்கிறது. அது வரைக்கும் போனேன், முடிச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ எழுதியதைப் படித்தேன். உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எனக்கு எதுவுமே வருவதில்லை.

அண்ணி


ஜூலை 9

அண்ணி,

பார்த்தீர்களா?

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட் கதவை அகலத் திறந்து வைத்து, மூட்டையை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தேன். முடிச்சு அவிழவில்லை, கத்திரியால் வெட்டினேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொன்னாய், லேப் ரெக்கார்டு மாதிரியே எழுதுகிறேன்.

தடிமன்: நாலு பக்கமும் அளந்தேன், இரண்டு புள்ளி பூஜ்யம். அது என்னுடையது. அடிக்கச் சொன்னாய், அடிக்க மாட்டேன்.

உன் வெல்டிங் கோடு முழுசாக இருக்கிறது. எங்கேயும் பிளக்கவில்லை. தண்டு முறிந்தது அதற்கு இரண்டு விரல் முன்னால்.

முறிந்த இடத்தில், கீழ்ப்பக்கம், ஒரு துளை. முதலில் எனக்குப் புரியவில்லை. இந்தத் துண்டில் பாதி வட்டம், அந்தத் துண்டில் பாதி வட்டம். இரண்டையும் சேர்த்து வைத்தால் முழுசாகிறது, பன்னிரண்டு மில்லி. விரிசல் அதன் நடுவே போயிருக்கிறது. உள்ளே ரப்பர் வளையம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, அதிலிருந்து ஒரு முழம் ஒயர். பின்னால் எரிகிற சிவப்பு விளக்குக்குப் போகிற ஒயர். வெளியே தொங்கினால் அசிங்கமாக இருக்கும் என்று குழாய்க்கு உள்ளே விட்டிருக்கிறார். நீ வெல்டிங் முடித்துத் தூங்கப் போன பிறகு போட்டிருப்பார் போல. உன்னிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

துளை எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரியாது. அதனால் உன் அண்ணனின் வண்டி நோட்டை எடுத்துப் பார்த்தேன். முன்தண்டுக்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறார். அதில் அவர் கையெழுத்திலேயே, கட்டம் போட்டு, சிவப்பில் எழுதி வைத்திருக்கிறார்: "தண்டில் எங்கும் துளை போடக் கூடாது. முக்கியமாகக் கீழ்ப்பக்கம்." அடியில் இரண்டு கோடு வேறு.

தம்பி, எனக்குக் கோபம் வந்துவிட்டது.

உண்மையாகவே வந்தது. காது சூடாகி, ஷெட்டில் தனியாக நின்று சத்தம் போட்டேன். "ஏங்க, நோட்டுல நீங்களே எழுதி வெச்சுட்டு நீங்களே போட்டிருக்கீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? ஒரு ஒயரு வெளியில தொங்கினா என்ன குடியா முழுகிடும்? யாரு பார்க்கப் போறா உங்க ஒயரை? டிரில்லு வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்கியிருக்குமே, குழாய் மெல்லிசுன்னு அப்பவாவது தெரிஞ்சிருக்குமே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவர் உயிரோடு இருந்தபோதுகூடப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் பேசினேன். பிறகு அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. எழுந்தபோது பசித்தது.

யார் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. லேபில் பிழையைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு, எது எவ்வளவு சேர்த்தது என்று சொல்லிவிடலாம். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. மூன்று மில்லியாக இருந்திருந்தால் அந்தத் துளையைத் தாங்கியிருக்குமோ என்னவோ. நீ சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போமோ என்னவோ. மூன்று பேரும் ஒருவர் முகம் வாடக் கூடாது என்று இன்னொருவரிடம் மறைத்திருக்கிறோம். அதில் செத்துப் போனவர் அவர், மாட்டிக்கொண்டது நாம்.

நேற்று குழாய் வாங்கிவிட்டேன். ஒரு மீட்டர் வெட்டித் தராசில் போடச் சொன்னேன், நாலு கிலோ முந்நூறு. முன்தண்டும் ஒரே துண்டாக வந்து ஷெட்டில் கிடக்கிறது. இங்கே வெல்டர் ஒருவரைப் பார்த்தேன், நல்ல மனுஷன்தான், தண்டைச் சுற்றி நாலு பக்கமும் கெட்டியாக வைத்துத் தருகிறேன் என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீ வா. சட்டத்துக்காக மட்டும் கூப்பிடவில்லை. இங்கே வருகிறவர்கள் எல்லாம் அவரைப் போல உண்டா, தங்கமான மனுஷன் என்றே பேசுகிறார்கள். அவர்கள் முன்னால் வாயைத் திறக்க முடியவில்லை. எனக்கு இப்போது அவரைத் திட்ட வேண்டும், நிறையத் திட்ட வேண்டும். கூட உட்கார்ந்து திட்ட உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

அண்ணி